தொலைவிலிருந்து இயக்கப்படும் கணினி: நிறுவுதலும் நீக்குதலும்

1969ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 29ஆம் நாள் இரவு பத்தரை மணியளவில், அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர் ஒரு கணினியின் முன் அமர்ந்திருந்தார். அவர் இயக்க முற்பட்டது தம் முன்னே இருந்த கணினியை அன்று. வடக்கே ஐந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த வேறொரு கணினியை. 'உள்நுழைக' என்று பொருள்படும் 'லொகின்' என்ற ஆங்கிலச் சொல்லை அவர் எழுத்தெழுத்தாக அனுப்பலானார். 'எல்' சென்றது, 'ஓ' சென்றது, அடுத்த எழுத்தை அனுப்பியதும் அப்பாலிருந்த கணினி செயலிழந்து நின்றுவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரங் கழித்து மீண்டும் முயன்றபோதே காரியம் கைகூடிற்று. இணையத்தின் பிறப்பு என்று இந்நிகழ்ச்சியைப் போற்றுவர். ஓரிடத்தில் அமர்ந்துகொண்டு மற்றோரிடத்துக் கணினியை ஆள விரும்பிய மனிதனின் விருப்பமும் அதே இரவில்தான் அந்தக் கம்பிவழியே முதன்முதலாகப் பயணஞ் செய்தது எனலாம்.

அன்று எழுத்துகள் மாத்திரமே சென்றன. திரையில் தோன்றும் காட்சி முழுவதையும் அனுப்புவதற்கு மேலும் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒலிவெட்டி, ஒரக்கிள் கம்பனிகளின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆக்கப்பெற்ற வி.என்.சி. என்னும் மென்பொருள் 1998ஆம் ஆண்டில் இலவசமாக வெளியிடப்பட்டது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பீ இயங்குதளத்திலே தொலைவழித் திரை என்ற வசதியை மைக்ரோசொப்ட் கம்பனி சேர்த்தது. ஆயினும் இவை கற்றோரின் கருவிகளாகவே இருந்தன. வெளியிலிருந்து வரும் அழைப்பு வீட்டுக் கணினியை அடைய வேண்டுமாயின், இணைய இணைப்புப் பெட்டியாகிய ரௌட்டரில் அதற்கென ஒரு வழியைத் திறந்துவைத்தல் வேண்டும். அது பொதுமக்கள் செய்யத்தக்க வேலையன்று.

இவ்விடர்ப்பாட்டை நீக்கியது ஜேர்மனியின் கோப்பிங்கன் நகரில் 2005இல் தோன்றிய ரீம்வியூவர் என்னும் கம்பனி. அதன் உபாயம் எளியது. முற்காலத்துத் தொலைபேசி நிலையங்களில் இருபுறத்தாரின் கம்பிகளையும் இணைத்துவிடும் பணியாளர் ஒருவர் நடுவே இருப்பார் அல்லவா? அவ்வாறே இரு கணினிகளும் தாமாகவே வெளியே சென்று நடுவர் கணினியொன்றை அழைக்கின்றன. நடுவர் இரண்டையும் பொருத்திவிடுகின்றது. வெளியே செல்லும் அழைப்பை வீட்டு இணைப்புப் பெட்டி தடுப்பதில்லை. ஓர் எண்ணையும் ஒரு கடவுச்சொல்லையும் தொலைபேசியிற் சொன்னாற் போதும். ரீம்வியூவரிற் பணிபுரிந்தோர் சிலர் பிரிந்து, 2014இல் ஸ்ருட்கார்ட் நகரில் எனிடெஸ்க் என்னும் மற்றொரு கம்பனியைத் தொடங்கினர். இவ்விரு பெயர்களையும் இன்று பல நாடுகளில் மக்கள் அறிவர். யாழ்ப்பாணத்தில் ஓய்வு பெற்று வாழும் தகப்பனாரின் கணினியை ரொறன்ரோவிலிருக்கும் மகள் திருத்திக்கொடுப்பது இத்தகைய மென்பொருளின் வழியாகத்தான். அதில் யாதொரு குற்றமும் இல்லை. மிக்க நன்மையே உண்டு.

வில்லங்கம் தொடங்குவது திருத்தம் முடிந்த மறுநாள்.

2021ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் நாள், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஓல்ட்ஸ்மார் என்னும் சிறு நகரில் குடிநீர் நிலையப் பணியாளர் ஒருவர், தம் கணினித் திரையிலே சுட்டிக்குறி தானாகவே நகர்வதைக் கண்டார் என்று செய்தி வெளிவந்தது. நீரின் அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்துதற்குச் சேர்க்கப்படும் சோடியம் ஐதரொட்சைட்டின் அளவு, பத்து இலட்சத்தில் 100 பங்கு என்பதிலிருந்து 11,100 பங்கு என மாற்றப்பட்டிருந்தது. பணியாளர் அதனை உடனே பழைய நிலைக்குக் கொணர்ந்தமையால் அந்நகரின் 15,000 மக்களுக்கும் தீங்கு எதுவும் நேரவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின், அந்நகர நிருவாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், அது வெளியாரின் ஊடுருவலே அன்று, பணியாளரின் கைப்பிழையாகவே இருத்தல் கூடும் என்று கூறினார். மத்திய புலனாய்வுத் துறையினராலும் ஊடுருவல் நிகழ்ந்தது என்பதை உறுதிப்படுத்த இயலவில்லை. ஆகவே நடந்தது யாதென அறுதியிட்டுக் கூறுதல் அரிது.

ஆயினும் அச்சர்ச்சைக்கு அப்பாற்பட்ட ஒரு செய்தி கவனத்துக்குரியது. அந்நிலையத்தார் ரீம்வியூவரைப் பயன்படுத்துவதை ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கு முன்னரே நிறுத்திவிட்டனர். ஆனால் அதனைக் கணினியிலிருந்து நீக்கவில்லை என்று அப்பகுதிப் பொலிஸ் தலைவர் தெரிவித்தார். எல்லாக் கணினிகளுக்கும் தொலைவழி நுழைவுக்கு ஒரே கடவுச்சொல்லே இருந்ததென்றும் பின்னர் அறியப்பட்டது. பயன்படுத்தாமல் விடுவதும் நீக்குவதும் ஒன்றே என எண்ணியமை பொறுப்புள்ள ஒரு பொது நிலையத்திலேயே நிகழ்ந்ததாயின், வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? தொலைவழி மென்பொருள் ஒன்றை நிறுவும்போது உண்மையில் நான்கு பொருள்கள் கணினியுட் புகுகின்றன. மென்பொருள் ஒன்று. கணினி விழிக்குந்தோறும் தானும் விழித்து, எவரும் காணாது பின்னணியில் காத்திருக்கும் சேவை இரண்டாவது. திரையைக் காண்பதற்கும் விசைகளை அழுத்துவதற்கும் இயங்குதளம் வழங்கும் அனுமதி மூன்றாவது. வீட்டில் எவரும் இல்லாதபோதும் உள்ளே வருதற்கென வைக்கப்படும் நிலையான கடவுச்சொல் நான்காவது. கண்ணுக்குத் தெரிவது முதலாவது மாத்திரமே. நீக்கும்போதும் மக்கள் அதனையே நீக்குகின்றனர். இயங்குதளத்துக்கு இயங்குதளம் ஏனைய மூன்றும் வெவ்வேறிடங்களில் ஒளிந்திருப்பதால், ஒன்றில் கற்ற முறை மற்றொன்றில் உதவுவதில்லை.

பெரும்பாலான வீடுகளில் உள்ளது விண்டோஸ் ஆதலின் அதனையே சற்று விரிவாகக் காணுதல் தகும்.

விண்டோஸில் இத்தகைய மென்பொருளுக்கு இரு வடிவங்கள் உள. ஒன்று, நிறுவாமலே இயக்கத்தக்க சிறு கோப்பு. அதனை இறக்கி அழுத்திய மாத்திரத்தில் எண் தோன்றும். சாளரத்தை மூடினால் இணைப்பும் முடிந்துவிடும். மற்றையது முறைப்படி நிறுவப்படுவது. அப்போது, 'இச்செயலி கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிப்பதா?' என்று திரை மங்கிய நிலையில் ஒரு வினா எழும். 'ஆம்' என அழுத்தியதும் அம்மென்பொருள் சேவையாகப் பதிவாகி, எவரும் கடவுச்சொல்லிட்டு உள்நுழையும் முன்னரே விழித்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றுவிடுகின்றது. மகளோ மருமகனோ ஒருமுறை வந்து திருத்திப் போவதற்கு முதல் வடிவமே போதுமானது. இரண்டாவது வடிவம் வேண்டுவது, இப்பாலிருப்பவரால் எதையும் அழுத்த இயலாத நிலைமைக்கு, அல்லது நாடோறும் இணைய வேண்டிய அலுவலகத்துக்கு மாத்திரமே. இவ்வேறுபாட்டை விளக்காமல், கேட்கும் வினாக்களுக்கெல்லாம் 'ஆம்' அழுத்தும்படி கூறும் உறவினர்கள் நல்லெண்ணத்தாலேயே தீமை செய்கின்றனர்.

நீக்கும்போது முகப்புத் திரையிலுள்ள சின்னத்தை அழித்தல் நீக்குதல் ஆகாது. அது கடையின் பெயர்ப் பலகையைக் கழற்றுவது போன்றது. கடை உள்ளே நடந்துகொண்டே இருக்கும். 'அமைப்புகள்' என்ற பகுதிக்குச் சென்று, அதில் 'செயலிகள்', அதனுள் 'நிறுவப்பட்ட செயலிகள்' என்ற பட்டியலைத் திறந்து, பெயரைக் கண்டு நீக்குதல் வேண்டும். ரீம்வியூவர் நீங்கும் தறுவாயில், அமைப்புகளையும் சேர்த்து நீக்குவதா எனக் கேட்கும் ஒரு சிறு கட்டம் தோன்றும். அதிற் குறியிடாது விட்டால் பழைய விருப்பங்கள் கணினியிலே தங்கிவிடும். எனிடெஸ்க்கும் தன் எண்ணையும் அமைப்புகளையும் தனிக் கோப்புறையில் எழுதிவைக்கும் இயல்புடையது. அக்கோப்புறை அழியாதிருப்பின், மீண்டும் நிறுவும்போது பழைய எண்ணே உயிர்பெற்று எழும். பின்னர்க் கணினியை ஒருமுறை நிறுத்தி இயக்கி, 'சேவைகள்' என்ற பட்டியலிலும் அப்பெயர் இல்லையென்பதைக் கண்டுகொள்ளுதல் வேண்டும்.

நிறுவாமல் இயக்கிய சிறு கோப்போ அப்பட்டியலில் எக்காலத்தும் தோன்றாது. அது இறக்கப்பட்ட கோப்புகளுக்கான 'டவுன்லோட்ஸ்' கோப்புறையிற் படுத்திருக்கும். பட்டியலில் இல்லை என்பதனால் கணினியிலே இல்லை என்று முடிவு செய்தல் தவறு.

விண்டோஸுக்கே உரிய கருவிகள் இரண்டு உள. ஒன்று முன்னர்க் கூறிய தொலைவழித் திரை. இயங்குதளத்தோடு பிறந்ததாகையால் அதனை நிறுத்தி வைக்கலாமேயன்றிச் சாதாரணமாக நீக்க இயலாது. விண்டோஸின் இல்லப் பதிப்பைக் கொண்ட கணினி, இவ்வழியிற் பிறர் நுழைவதற்கு இடங்கொடுப்பதில்லை. 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் இவ்வசதியின் பழைய பதிப்புகளிலே பெருங்குறையொன்று வெளிப்பட்டபோது, ஆதரவு முடிந்து ஐந்தாண்டுகள் கழிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பீக்குங்கூட மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட்டது. ஆபத்தின் அளவுக்கு அதுவே சான்று. மற்றையது 2016இல் விண்டோஸ் 10இற் சேர்ந்த 'குயிக் அசிஸ்ட்'. உதவி கேட்போரும் உதவுவோரும் ஒரு குறியீட்டைப் பகிர்ந்து இணைவர். பெரும்பாலான வீட்டு உதவிகளுக்கு வேறெதுவும் நிறுவ வேண்டியதில்லை. ஆயினும் ஏமாற்றுவோர் இதனையும் விட்டுவைக்கவில்லை. அவர்கள் இதனைக் கருவியாகக் கொள்வதை 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் மைக்ரோசொப்ட் கம்பனியே எடுத்துரைத்து, வேண்டாத நிறுவனங்கள் அதனை நீக்கிவிடலாம் என அறிவுறுத்தியது.

அப்பிள் கம்பனியின் மக் கணினியில் நிலைமை வேறு. அங்கே மென்பொருளை நிறுவிய பின்னரும் அது குருடாகவே இருக்கும். திரையைக் காணும் அனுமதியை, 2019இல் வெளிவந்த கற்றலினா பதிப்பு முதல், கணினியின் முன் இருப்பவர் 'தனியுரிமையும் பாதுகாப்பும்' என்ற பகுதியிற் சென்று தம் கையால் வழங்குதல் வேண்டும். விசைகளையும் சுட்டியையும் இயக்குதற்கு 'அணுகல்தன்மை' என்ற தலைப்பின்கீழ் வேறோர் அனுமதி வேண்டும். கறுப்புத் திரையே தெரிகிறது என்று தொலைவிலிருப்போர் முறையிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இவ்வனுமதி இன்மையே. இவற்றை அவர்களால் அப்பாலிருந்து அழுத்திவிட இயலாது என்பதே இதன் சிறப்பு. நிறுவுவது சற்றுத் தொல்லையாயினும் அத்தொல்லை காவலாக அமைகின்றது.

ஆனால் நீக்குவதில் மக் கணினி மக்களை ஏமாற்றிவிடும். எச்செயலியையும் குப்பைத் தொட்டிக்குள் இழுத்துப் போட்டால் போதும் என்ற பழக்கம் அங்கே வேரூன்றியுள்ளது. எளிய செயலிகளுக்கு அது பொருந்தும். தொலைவழி மென்பொருளுக்குப் பொருந்தாது. 'லைப்ரரி' என்ற கோப்புறையினுள் 'லான்ச் டீமன்ஸ்', 'லான்ச் ஏஜன்ற்ஸ்' என்ற இரு கோப்புறைகள் இருக்கின்றன. கணினி எழும்போது எவற்றை எழுப்ப வேண்டும் என்ற கட்டளைச் சீட்டுகள் அங்கே கிடக்கும். செயலியைக் குப்பையிற் போட்டாலும் அச்சீட்டுகள் அங்கேயே தங்கிவிடக்கூடும். ஆகையால் முதலில் மென்பொருளுக்குள்ளேயே நீக்கும் வழி உண்டா என ஆராய்தல் நன்று. ரீம்வியூவரில் அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில் அவ்வழி வைக்கப்பட்டுள்ளது. 2022ஆம் ஆண்டின் வெஞ்சுரா பதிப்பு முதல், பின்னணியில் இயங்குவனவற்றின் பட்டியல் 'லொகின் ஐற்றம்ஸ்' என்ற பகுதியிலே தெரிகின்றது. அங்கு ஒரு பார்வையிட்டு, வழங்கிய இரு அனுமதிகளையும் திரும்பப் பெற்றால் வேலை முடிந்தது.

லினக்ஸ் இயங்குதளத்தைக் கையாள்வோர் தொகையிற் சிலரே. பெரும்பாலும் தம் வேலையை அறிந்தவர்கள். அவர்களுக்கு ஒன்றிரண்டு குறிப்புகள் போதும். 1980களில் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திற் பிறந்த எக்ஸ் என்னும் பழைய திரைமுறையில், ஒரு செயலி மற்றெல்லாச் செயலிகளின் திரையையும் தாராளமாகக் காணக்கூடியதாயிருந்தது. அதற்குப் பதிலாக வந்த வேலண்ட் முறை பயனாளரைக் கேளாமல் திரையைக் காட்டுவதில்லை. உபுண்டு 2021ஆம் ஆண்டில் வேலண்டை இயல்பு முறையாக்கியபோது, தொலைவழி மென்பொருள்கள் பல தடுமாறியது இதனாலேதான். நீக்கும்போது 'ரிமூவ்' என்ற கட்டளை மென்பொருளை மாத்திரம் அகற்றி அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். 'பர்ஜ்' என்ற கட்டளையே அவற்றையும் துடைக்கும். அதுவுங்கூடப் பயனாளரின் சொந்தக் கோப்புறைக்குள் ஒளிந்திருப்பவற்றைத் தொடுவதில்லை. அவற்றைக் கையாலேயே களைதல் வேண்டும்.

கைத்தொலைபேசியைப் பற்றிக் கூறாது விடுதல் தகாது. இந்நாளிற் பணமெல்லாம் அதிலேதான் இருக்கின்றது. ஐபோனில் வெளியார் திரையைக் காணலாமேயன்றி, இம்மென்பொருள்களின் வழியே விரல் வைத்து இயக்க இயலாது. ஆயினும் காண்பதே போதிய தீங்கு. வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடு திரையிலே தோன்றும்போது கள்வனும் அதனை வாசித்துவிடுவான். அன்ட்ரொயிட் தொலைபேசியில் 'அணுகல்தன்மை' அனுமதி பெற்ற மென்பொருள் இயக்கவும் வல்லது. அங்கே அதற்குத் துணையாக வேறொரு சிறு செயலியும் நிறுவப்படுவதுண்டு. பெரிய செயலியை நீக்கிய பின்னரும் அச்சிறிய துணைச் செயலி தங்கிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எனிடெஸ்க் வழியாக மக்களின் பணம் களவாடப்படுவதை 2019ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இந்திய மத்திய வங்கி அந்நாட்டு வங்கிகளுக்கு எச்சரித்தது.

இக்களவு நிகழும் முறையை 2023ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிக்கையில் விவரித்தது. அரசாங்க அலுவலர்களே அதற்கு இரையாயினர் என்பது வியப்புக்குரியது. சந்தாப் பணம் கழிக்கப்படவிருக்கிறது, வேண்டாவிடின் அழைக்க என்று ஒரு மின்னஞ்சல் வரும். அழைத்தவரை இனிய சொற்களால் வழிநடத்தி, நிறுவாமல் இயக்கத்தக்க அந்தச் சிறு கோப்பை இறக்கச் செய்வர். நிறுவுதல் இன்மையால் நிருவாகியின் அனுமதி வினா எழுவதில்லை. அலுவலகத்தின் தடைகளும் பயனற்றுப் போயின. பின்னர் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்லி, திரையில் தெரியும் தொகையை மாத்திரம் மாற்றிக் காட்டுவர். தவறுதலாகக் கூடுதற் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும், மிகுதியைத் தயவுசெய்து திருப்பித் தரும்படியும் வேண்டுவர். கணக்கில் ஒரு சதமும் ஏறியிராது. பிறர் பணம் தமக்கு வேண்டாம் என்று எண்ணும் நேர்மையாளரே இதில் விழுகின்றனர் என்பதுதான் இம்மோசடியின் கொடுமை.

இவ்வாறு அந்நியர் ஒருவர் உள்ளே வந்துவிட்டார் என அறிந்தால் முதலிற் செய்ய வேண்டியது மென்பொருளைத் தேடி நீக்குவதன்று. இணைய இணைப்பைத் துண்டித்தலே முதல் வேலை. அடுத்தது வங்கியை அழைத்தல். மூன்றாவது, அந்தக் கணினியில் அன்று, வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சலினதும் வங்கியினதும் கடவுச்சொற்களை மாற்றுதல். அதன் பின்னரே நீக்குதல். அப்போதும் ஒரே பெயரைத் தேடி அமைதலாகாது. வந்தவர் தாம் மீண்டும் வருதற்கென இரண்டாவது மென்பொருளை நிறுவிச் செல்வது வழக்கம். நிறுவப்பட்ட நாளின்படி பட்டியலை ஒழுங்குபடுத்தினால், அன்றைய நாளிற் புகுந்தவை யாவும் மேலே வந்து நிற்கும். ஐயம் தீராவிடின், வேண்டிய கோப்புகளைப் பிரதி செய்துகொண்டு இயங்குதளத்தையே புதிதாக நிறுவுதல் நன்று.

நேர்மையான கம்பனியின் மென்பொருளை முறையாக வைத்திருப்பவரும் கடவுச்சொல்லை நிலையாக விட்டுவைத்தல் ஆகாது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள், தம் கணினிகளுக்குள் வெளியார் ஊடுருவியதை எனிடெஸ்க் கம்பனி ஒப்புக்கொண்டது. தன் இணையத்தளத்தின் கடவுச்சொற்கள் யாவற்றையும் இரத்துச் செய்து, மென்பொருளுக்கு இடும் முத்திரைச் சான்றிதழையும் மாற்றிற்று. பழைய முத்திரையோடு கணினிகளிற் கிடந்த பதிப்புகளைப் புதுப்பிக்கவோ நீக்கவோ வேண்டிய பொறுப்பு அவற்றை வைத்திருந்தோரையே சார்ந்தது. நிறுவியதையே மறந்துபோனவருக்கு இச்செய்தி எவ்வாறு எட்டியிருக்கும்?

ஆதலின் ரொறன்ரோவிலிருக்கும் மகள் வேலையை முடித்துத் தொலைபேசியை வைக்கும் முன் இன்னும் ஐந்து நிமிடம் செலவிடுதல் தகும். தகப்பனார் தம் கையாலேயே மென்பொருளை நீக்கி, கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குவார். மகள் அப்பாலிருந்து அதே எண்ணைக் கொண்டு மீண்டும் அழைத்துப் பார்ப்பாள். அந்த எண்ணுக்குரிய கணினி இணைப்பில் இல்லை என்ற விடை அவளுடைய திரையில் தோன்றும் வரையில் தொலைபேசியை வைத்தலாகாது.